கட்டத்தைக் காலியாக விட்டவர்

தரையில் நட்ட ஒரு குழாய் ஒரு வருடம் கழித்து நான்கு விரல் உயர்ந்து தெரிந்தால், ஏறியது குழாயா, இறங்கியது தரையா? புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியுமா? நாலு வருடமாக எனக்குத் தெரியவில்லை. பால் பொங்கக் காத்திருக்கும்போது, மகளுக்குப் பின்னல் போடும்போது, ரயில் தாமதமாகும்போது இந்தக் கேள்வி வரும். தெரியாது என்று எழுதவேண்டிய இடத்தில் நான் ஓர் எண்ணை எழுதியிருக்கிறேன். எழுத மாட்டேன் என்றவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஓர் இடத்தில் வைத்தது போதும்.

மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் அலுவலகம். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். பட்டறையில் பெரிய மெஷின் ஓடினால் மேஜைமேல் இருக்கும் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும். கடல் கடந்து ஒரு தீவில் இருக்கும் சதுப்புநிலத்தின் புகைப்படங்களைப் படிப்பது எங்கள் வேலை.

அந்த நிலத்தை பீட் என்பார்கள். செத்த மரமும் இலையும் வேரும் மக்கிப்போக வழியில்லாமல் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து உருவான கறுப்பு நிலம். தண்ணீர் நிற்கும்வரை அதற்குள் இருக்கும் கரி அப்படியே கிடக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு, தீயில்லாமலே எரிவதுபோல் கரைந்து புகையாகிப் போகும். போன அளவுக்குத் தரையும் கீழே இறங்கும். அந்தத் தீவில் ஒரு காலத்தில் எண்ணெய்ப்பனை நடுவதற்காக வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார்கள். இப்போது அதே வாய்க்கால்களில் மரக்கட்டைகளால் அணை கட்டி நிலத்தை மறுபடி நனைக்கிறார்கள். மேலே போகாமல் நின்ற புகைக்கு கார்பன் கிரெடிட் என்று சான்றிதழ் தருவார்கள். உலகத்தில் எங்கோ புகைவிடும் கம்பெனிகள் அதை வாங்கும். அந்தப் பணத்தில்தான் அடுத்த அணை, அணை கட்டும் ஊர்க்காரர்களுக்குக் கூலி, எங்கள் சம்பளம் எல்லாமே.

நிலம் நனைந்திருக்கிறதா என்று பார்க்க அங்கே நூற்றுக்கணக்கில் குழாய்கள் நட்டிருந்தார்கள். கறுப்பு மண்ணையும் தாண்டி அடியில் இருக்கும் கெட்டிமண்வரை இறங்கிய குழாய்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அங்குள்ள ஆட்கள் ஒவ்வொரு குழாயிலும், அதன் வாயில் பூஜ்யம் நிற்கும்படி அளவுகோலை விட்டு எடுத்து, எந்த எண்ணிலிருந்து நனைந்திருக்கிறது என்று குழாயோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் எண்ணைப் பார்த்து ஷீட்டில் எழுதவேண்டும். அதிலிருந்து, குழாய் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தைக் கழிக்கவேண்டும். அளவுகோல் எழுபது சென்டிமீட்டரிலிருந்து நனைந்திருந்து, குழாய் தரைக்கு மேலே முப்பது நின்றால், தண்ணீர் தரைக்கு நாற்பது கீழே இருக்கிறது என்று பொருள். இவ்வளவுதான் கணக்கு. நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தை மட்டும் நட்ட அன்றே ஒருமுறை அளந்து எழுதிவிட்டார்கள். அது மாறாது என்பது ஏற்பாடு.

நான் எம்.எஸ்சி. படித்தவள். திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்தவள். படம் படிப்பவர்கள் ஆறு பேர், அவர்களுக்கு நான் டீம் லீட். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் இவர். அலுவலகத்துக்கு ஐந்து நிமிட நடையில் வீடு. பன்னிரண்டாவதும் டைப்ரைட்டிங்கும் முடித்தவர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். நான் லீட் என்பதால் அவர் என்னை மேடம் என்பார். அந்த மேடத்தில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பதும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாற்காலியில் ஒரு தலையணை போட்டிருப்பார். மூக்குக்கண்ணாடியை ஒருமுறை துடைத்தால் திரையையும் ஒருமுறை துடைப்பார். படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்ப்பார், ஒருமுறை சின்னதாக்கிப் பார்ப்பார். எண் தெரிந்தால் எழுதுவார். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். மற்ற ஐந்து பேரும் அப்படி இல்லை. படம் மங்கலாக இருந்தால் முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். நானே அப்படித்தான் ஆரம்பத்தில் கற்றுக்கொண்டேன்.

காலிக் கட்டம் எங்கள் ஷீட்டில் சிவப்பாகிவிடும். அவர் ஷீட்டில் எப்போதும் அங்கங்கே சிவப்பு. எதிர் சீட்டில் வில்லிவாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், எல்லாவற்றையும் கேலி செய்பவர்.

"யக்கா, உன் ஷீட்டுக்கு அம்மை போட்டுகீது. வேப்பிலை கட்டட்டா?"

"கட்டு நைனா. அதுக்கு முன்னாடி உன் ஷீட்டுல கீற சொறியப் பாரு. எட்டு குழாய்லயும் ஒரே நம்பரு எப்டி வரும்?"

அதற்குப் பிறகு யாரும் வேப்பிலையைப் பற்றிப் பேசவில்லை.

ஒருமுறை நான் அவர் பக்கத்தில் போய் நின்று ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டினேன். "அக்கா, இதுல அறுபத்தெட்டுன்னு இருக்கே?"

"இருக்குதா மேடம்?"

"அப்படித்தான் தெரியுது."

திரும்பி என்னைப் பார்த்தார். "கீற மாதிரி கீதா, கீதா?"

நான் குனிந்து இன்னொருமுறை பார்த்தேன். இருக்கிற மாதிரிதான் இருந்தது. கட்டம் சிவப்பாகவே நின்றது.

இது வேலைக்காக வைத்துக்கொண்ட குணமில்லை. பொங்கல் விழாவுக்கு அலுவலக மாடியில் எல்லாரும் சேர்ந்து சமைத்தபோது, சாம்பார் கரண்டியோடு நின்றவரிடம் உப்பு போதுமா என்று யாரோ கேட்டார்கள். "இன்னும் வாயில வெக்கல" என்றார். கேட்டவர் பத்து நிமிடம் காத்திருந்தார். நாளைக்கு மழை விடுமுறை விடுவார்களா என்று எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லும்போது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். அவர் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில், உங்கள் குழந்தை என்னவாக விரும்புகிறாள் என்றொரு கேள்வி இருந்ததாம். அதைக் காலியாக விட்டிருக்கிறார். ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டதை அவரே எங்களிடம் நடித்துக் காட்டினார்.

"சும்மா டாக்டர்னு போடுங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்கன்னு சொல்றாங்க அந்த மிஸ்சு. அவ இன்னும் எங்கிட்ட சொல்லலியே, நான் எப்டி எயுதுறதுன்னேன். எல்லாருமே டாக்டரானா ஊசி போட்டுக்க ஆளு வேணாமா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று நினைவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போன நாள் ஒன்று உண்டு. அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. திருநின்றவூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவேன். ஒரு பிற்பகல் காப்பக அம்மா போன் செய்தார். பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது, ஒரு தடவை வாந்தி எடுத்தாள் என்றார். அதற்கு நான்கு மாதம் முன்னால் காய்ச்சலில் ஒருமுறை அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. மூன்று மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு ஒரு கூட்டம் இருந்தது.

"ஒண்ணும் ஆவாது மேடம்" என்றார் வில்லிவாக்கத்துக்காரர். "ஒண்ணும் ஆகாதும்மா, மீட்டிங் முடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார் எங்கள் மேலாளர். கணவரும் போனில் அதையேதான் சொன்னார். நான் அந்த வார்த்தையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். இன்னும் ஒருவர் சொன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெர்ல மேடம்."

அறையில் இருந்த எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் கொயந்தய பாக்கல. நீங்க போய் பாருங்க" என்று எழுந்தவர், என் மேஜைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "மீட்டிங்ல நான் குந்திக்கிறேன்."

பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினேன். அன்னனூரில் சிக்னலுக்காக வண்டி நின்றது. நின்ற அந்தப் பதினைந்து நிமிடமும் நான் அவரை வெறுத்தேன். ஒரு தாயிடம் ஒரு பொய் சொல்ல என்ன செலவு என்று நினைத்தேன். காப்பகத்தில் குழந்தை சுருண்டு கிடந்தாள். வலிப்பு வரவில்லை. காதில் சீழ் என்று டாக்டர் மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் சரியானது. மறுபடி அலுவலகம் போனபோது எல்லாரும், "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல" என்றார்கள். அவர் மட்டும் "பாத்தீங்களா?" என்றார். அவர் கேட்டது வேறு. பார்த்தேன், காதில் சீழ் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரையைத் துடைக்கப் போனார்.

ஒன்றும் ஆகாது என்று சொன்ன மூன்று பேரும் என்னை உட்காரச் சொன்னார்கள் என்பதும், தெரியாது என்றவர்தான் பையை எடுத்துக் கொடுத்தார் என்பதும் எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது. அது அன்புதானா என்று இப்போதும் உறுதியாகச் சொல்லமாட்டேன். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

குழாய் விஷயத்தை முதலில் கவனித்தவர் அவர்தான். குழாய்களை நட்ட அன்று தரைமட்டத்தில் ஒரு சிவப்பு நாடாவைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். முதல் படங்களில் நாடா மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பகுதியில் இருந்த பதினோரு குழாய்களில் மட்டும் அந்த நாடா மெல்ல மண்ணைவிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. நாங்கள் அனைவரும் அளவுகோலின் நனைந்த இடத்தைத்தான் பார்ப்போம், நாடாவை யார் பார்க்கிறார்கள்?

"மேடம், இத பாருங்க. போன வருசத்து படம், இந்த வருசத்து படம். நடுவுல நாலு வெரலு கீது."

"கேமரா கோணமா இருக்கும்."

"இருக்கும்."

"நாடாவைப் பிய்ச்சு மாத்தி ஒட்டியிருப்பாங்க."

"அதுவும் இருக்கும். பதினோரு பைப்புலயுமா?" பிறகு, "சாப்ட்டு எங்க ஊட்டாண்ட வர்றீங்களா?" என்றார்.

அவர் வீடு ஏரியை ஒட்டி, கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய இடத்தில் இருந்த ஒரு தெருவில். பின்பக்கம் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு. அதன் இரும்புக் குழாய் என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. குழாயில் இளஞ்சிவப்பு நகப்பூச்சால் சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக.

"நான் கண்ணாலம் கட்டிகினு வந்தப்ப இது கணுக்கால் ஒசரம். இதும்மேல குந்திகினுதான் பாத்திரம் தேய்ப்பேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைக்கசொல்ல, தரை எங்க கீதோ அங்க ஒரு கோடு. இப்போ பாருங்க, முட்டிக்கு வந்துச்சு."

"குழாய் மேலே வருதா?"

"பைப்பு அடில பாறைய புட்சிகினு நிக்குது மேடம், அது எங்க போவும்? நாங்கதான் எறங்கிகினு கீறோம். வாசப்படிய ரெண்டு தபா கட்டியாச்சு."

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. "அப்போ அங்கேயும் இதேதான் அக்கா. தரை இறங்குது. அணை கட்டியும் அந்தப் பகுதி நனையலை."

அவர் துவைக்கும் கல்லில் கிடந்த துணியைப் பிழிந்து உதறினார். "இது தெர்யும். பத்து வருசமா பாக்குறேன். அது தெர்ல. அங்க நான் போவல."

தன் வீட்டுக் குழாயைக் கொண்டுவந்து காட்டியவரே அதை வைத்து முடிவு கட்ட மறுத்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தோம்.

மேலாளரிடம் நான்தான் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. சான்றிதழ் தருமுன் கணக்கைச் சோதிக்கும் சரிபார்ப்பு நிறுவனம் அடுத்த வாரம் எங்கள் பதிவுகளை வாங்கப்போகிறது என்ற கவலையில் இருந்தார். இரண்டு நிமிடம் கணக்குப் போட்டவரின் முகம் தெளிந்தது.

"குழாய் ஜாஸ்தியா நீட்டிக்கிட்டு இருந்தா நாம ஜாஸ்தியா கழிக்கணும். கழிச்சா தண்ணி தரைக்குக் கிட்ட வந்துடுது. நல்ல விஷயம்தானேம்மா! நெலம் நனைஞ்சிருக்குன்னுதான அர்த்தம்?"

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். கூட வந்திருந்த அக்கா ஆட்டவில்லை.

"தண்ணி ஏறி வந்துகீதா, தரை எறங்கி அதுங்கிட்ட போய்கீதா சார்?"

"கணக்குல ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"கணக்குல ஒண்ணு. தரை எறங்கிச்சுன்னா கரி போச்சுன்னு நீங்கதான சொல்லி குடுத்தீங்க? அத எங்க எயுதுறது?"

"அதுக்கு நம்ம ஷீட்ல கட்டம் இல்ல."

"அப்ப இதயும் காலியா வுடுறேன். அங்க கீறவங்கள ஒரு தபா கேளுங்க. தரைய தொட்டு பாத்து சொல்லட்டும்."

அவர் பதினோரு கட்டங்களையும் காலியாக விட்டார். ஓரத்தில் குறிப்பு எழுதும் இடத்தில், தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று பதினோரு முறையும் தட்டச்சு செய்தார். நகல் எடுத்து ஒட்டவில்லை. விசைகளின் சத்தம் எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க படிச்சவங்க, படத்தைப் பாத்து அளந்து நீங்களே போட்டுடுங்க. காலிக் கட்டம் இருந்தா அந்தப் பகுதி மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. அணை கட்டுற ஜனங்களுக்குக் காசு போகாது. அதையும் யோசிங்க."

யோசித்தேன். தீவில் இருக்கும் ஆட்களுக்கு, பதினோரு குழாய்களையும் நேரில் பார்த்துச் சொல்லும்படி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. பதில் வர ஒரு வாரமாகும், மேலாளரைத் தாண்டிப் போனதாகும், கேள்வியே தப்பாக இருந்தால் சிரிப்பார்கள். அந்த மின்னஞ்சல் இன்னும் என் கணினியில் அனுப்பப்படாமல் கிடக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் அலுவலகத்தில் நான் மட்டும். என் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் வைத்து, படத்தில் இருந்த அளவுகோலோடு ஒப்பிட்டு, குழாய் தரைக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்தேன். ஏழு படங்களில் தரை தெரிந்தது. நான்கில் புல் மறைத்திருந்தது. அந்த நான்குக்கும் மற்ற ஏழின் சராசரியைப் போட்டேன். அவருடைய குறிப்புகளை நீக்கினேன். ஷீட்டில் ஒரு சிவப்பும் இல்லை.

ஷீட்டை அனுப்ப, படத்தைப் படித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று இரண்டு பெயர்கள் வேண்டும். அந்தப் பகுதி அவருடையது என்பதால் படித்தவர் இடத்தில் அவர் பெயர் தானாக வந்து நின்றது. சரிபார்த்தவர் நான். படித்தவர் பெயரை என்னுடையதாக மாற்றினால் இரண்டும் ஒரே ஆள் என்று சிஸ்டம் ஏற்காது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, திரையைத் துடைத்து, ஷீட்டைத் திறந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன் அக்கா. ஸ்கேல் வெச்சு அளந்தேன்."

"பதினொண்ணுமா?"

"ஆமா."

"கீற மாதிரி கீதா, கீதா?"

கீழே பட்டறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது.

"என் பேரு கீதே இதுல."

"சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது. மாத்திடறேன் அக்கா."

"மாத்திடுங்க."

இரண்டாவது முறை அவர் கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறப்பார், தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார். நான் என் இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாத முடிவில் ராஜினாமா கொடுத்தார்.

அதற்கும் ஒரு படிவம் உண்டு. விலகும் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நிர்வாகப் பிரிவிலிருந்து எனக்கு போன் வந்தது. "ஏதாவது ஒண்ணு போட்டு அனுப்பிடுங்க மேடம், காலியா இருந்தா ஏத்துக்க மாட்டேங்குது." குடும்பச் சூழல் என்று எழுதி அனுப்பினேன்.

கடைசி நாள் தலையணையை வில்லிவாக்கத்துக்காரரிடம் கொடுத்தார். "குந்தி குந்தி முதுகு போய்கீது உனக்கு, வெச்சுக்கோ நைனா." என்னிடம் வந்து, "பாப்பா காது எப்டி கீது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்றார். சமீபத்தில் காட்டவில்லை. அதைச் சொல்லாமல் நின்றேன். அவர் படியிறங்கிப் போனார்.

அந்தத் திட்டத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. எனக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது. மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. படங்கள் இன்னும் வருகின்றன. அந்தப் பதினோரு குழாய்களில் சிலவற்றில் நாடா ஒரு சாண் மேலே நிற்கிறது. சிலவற்றில் நாடா உதிர்ந்துவிட்டது. இரண்டில் நாடாவுக்கு மேலேயே தண்ணீர் நிற்கிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை. தரை இறங்கியிருந்தால் நான் எழுதியது, கரி பத்திரமாக இருக்கிறது என்ற பெரிய பொய்யின் ஒரு பகுதி. இறங்காமல் இருந்தால் அது தற்செயலாகச் சரியாகிப்போன ஒரு சின்னப் பொய்.

இப்போது அடுத்த சரிபார்ப்பு வந்திருக்கிறது. புதிய நிறுவனம், பழைய பதிவுகளையும் திறக்கிறார்கள். அந்தப் பதினோரு எண்களைக் குறிப்பிட்டு, இவற்றைப் படித்தவரிடம் பேசவேண்டும் என்று அவர் பெயரைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் விலகிவிட்டார், தொடர்பில் இல்லை என்று எழுதிவிடச் சொல்கிறார் மேலாளர். அவரைத் தொடர்பு கொள்ள முடியும். சென்னீர்குப்பத்தில் இதே மாதிரி வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இருப்பதாக வில்லிவாக்கத்துக்காரர் சொன்னார். இந்த வேலையில் பெயர்தான் எல்லாம். தவறான அளவு எழுதியவர் என்று ஒருமுறை பதிவானால் அந்த வேலை அவருக்கு இருக்காது. எழுதாதவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கும் மேலாளருக்கும் மட்டும் தெரியும்.

சரிபார்ப்புப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. பழைய பதிவுகளில் திருத்தம் உண்டா என்று கேட்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நான் அதை நிரப்பவேண்டும். உண்மையை எழுதினால் என் வேலை போகலாம். அந்தப் பகுதி தள்ளுபடியாகி, அணை கட்டும் யாரோ சிலரின் கூலி நிற்கலாம். எழுதாவிட்டால் அவர் பெயர் அங்கேயே நிற்கும்.

போன வாரம் மதியம் அவர் தெருவரைக்கும் போனேன். வேலை முடிந்து வந்திருக்கமாட்டார் என்று தெரிந்துதான் அந்த நேரத்தில் போனேனோ என்னவோ. சந்து வழியாகப் பின்பக்கம் தெரிந்தது. துவைக்கும் கல், மோட்டார், குழாய். நகப்பூச்சுக் கோடுகள் இருந்தன. புதிதாக ஒரு கோடு இருக்கிற மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். முதலில் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்புவதா, நிரப்பிவிட்டுப் போய்ச் சொல்வதா? முதலில் போனால், என் வேலை போகட்டுமா என்ற முடிவை அவர் தலையில் வைத்ததாகிவிடும். நிரப்பிவிட்டுப் போனால், வேறு யாரோ போன் செய்து அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். நான்கு வருடம் கழித்து மாற்றுவதற்கு மாற்றாமலே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், படிக்கிறேன். ஒன்றும் ஆகாது என்று மட்டும் எழுதவேண்டாம். அதைச் சொல்ல என்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுங்கள்.